காலையில் 90, மத்தியானம் 2,000: எதை நம்புவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்தவை, அதிலும் பாதிக்கு மேல் மெக்கரைப் பற்றியே, அதாவது இன்சுலேஷனின் மின்தடையை அளக்கிற கருவியைப் பற்றியே. ஷட்-டவுன் (சப்ளையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கிற) சீசன் போலிருக்கிறது. மொத்தமாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். எங்கள் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை (11 கே.வி./433 வோல்ட்) லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தும் அனுமதி) வாங்கி மெக்கர் போட்டோம். காலை ஆறரை மணிக்கு ஹெச்.டி.க்கும் (11 கே.வி. பக்கம்) பாடிக்கும் (வெளித்தொட்டி) நடுவில் 90 மெகா ஓம்தான் காட்டியது. முதலாளி பதறிப்போய் ஆயில் ஃபில்டர் பண்ணுகிறவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் மத்தியானம் 2 மணிக்கு வந்து போட்டுப் பார்த்தால் 2,000 மெகா ஓம்! இடையில் நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. மெக்கர் பழுதா, நாங்கள் பழுதா?

பதில்: மெக்கரும் நல்லது, நீங்களும் நல்லவர்கள். காலையில் நீங்கள் அளந்தது, கம்பி வெளியே வருகிற பீங்கான் புஷிங் மேல் படிந்திருந்த கடலை. (கொறிக்கிற கடலை இல்லை, மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற கடல்.)

கடல் காற்று வெறும் ஈரக்காற்று இல்லை, அதில் உப்பு கலந்து வருகிறது, பீங்கான் புஷிங்கின் பாவாடை மடிப்புகளில் மாவு மாதிரி படிகிறது. உப்பு காய்ந்து கிடக்கிறவரை பெரிய தொல்லை இல்லை. விடிகாலையில் பனி இறங்கினால் அந்த மாவு கரைந்து மெல்லிய உப்புத்தண்ணீர்ப் படலமாகிவிடும், கரண்டுக்கு அது நல்ல பாதை. மெக்கர் அனுப்புகிற 2,500 வோல்ட்டோ 5,000 வோல்ட்டோ காயிலுக்குள் போகாமல் இந்தப் படலத்தின் வழியாகவே பாடிக்கு இறங்கிவிடுகிறது. மத்தியானம் வெயிலில் படலம் காய்ந்தது, அளவு ஏறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலேஷனின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும், சுமாராகப் பத்து டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் கைக்கணக்கு. அப்படியானால் மத்தியான வெயிலில் ஆயிலும் காயிலும் சூடாகி அளவு இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு இருபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. சூட்டோடு அளவும் சேர்ந்து ஏறினால் கோளாறு வெளித்தோலில் இருக்கிறது, உள்ளே இல்லை என்று ஏறக்குறைய சத்தியமே செய்யலாம்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். முதலில் புஷிங்குகளை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் மடிப்பு மடிப்பாகத் துடையுங்கள், முதல் துணி உப்பில் வெளுத்து வருவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். பிறகும் சந்தேகம் இருந்தால் மெக்கரில் லைன், எர்த் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு முனை இருக்கிறது பாருங்கள், கார்டு என்று எழுதியிருக்கும். பத்தில் எட்டுப் பேர் அதைத் தொடுவதே இல்லை, புது மெக்கர்களில் அந்த லீடு மட்டும் பிரிக்காத பாலிதீன் பையிலேயே தூங்குவதை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். புஷிங்கின் நடு மடிப்பில் பீங்கானை ஒட்டி இறுக்கமாக ஃபியூஸ் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று புஷிங்கிலும் சுற்றிய கம்பிகளைச் சேர்த்து கார்டு முனையில் கொடுத்துவிடுங்கள். லைன் லீடு ஒன்றாகக் கட்டிய மூன்று ஹெச்.டி. முனைகளுக்கு, எர்த் லீடு பாடிக்கு. இப்போது மேல்தோல் வழியாக ஒழுகுகிற கரண்ட் கம்பியிலேயே பிடிபட்டு, மீட்டர் கணக்கில் சேராமல் திரும்பிப்போய்விடும். மீட்டர் காட்டுவது உள்ளே இருக்கிற இன்சுலேஷனை மட்டும். காலை ஆறரைக்கும் இரண்டு மணிக்கும் வித்தியாசம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள்.

லீடையும் மறக்க வேண்டாம். ஈரத்தரையில் கிடக்கிற லீடு தன் ஒழுக்கையும் சேர்த்தே காட்டும். போடுவதற்கு முன்னால் இரண்டு நுனியையும் காற்றில் பிரித்துப் பிடித்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள், முடிவிலி காட்ட வேண்டும். அப்புறம், லைட்னிங் அரெஸ்டரை (இடிதாங்கியை) கழற்றினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது ஹெச்.டி. முனையோடு சேர்ந்தே இருந்தால், அதன் மேல் படிந்த உப்பையும் அதன் வழியாகக் கசிவதையும் சேர்த்துத்தான் அளந்திருப்பீர்கள்.

கார்டு போட்டும் அளவு இறங்கியே இருந்தால் அப்போது ஆயிலைப் பற்றிக் கவலைப்படலாம். அப்போதும் நேராக ஃபில்டர் வண்டியைக் கூப்பிடாமல் அடி வால்விலிருந்து கொஞ்சம் ஆயிலை வழியவிட்டு, அடுத்து வருவதை உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் பிடித்து பி.டி.வி. (ஆயில் எவ்வளவு வோல்ட்டேஜ் தாங்குகிறது என்ற டெஸ்ட்) பாருங்கள். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கே.வி. கூடத் தாங்கவில்லை என்றால் ஃபில்டர் பண்ணத்தான் வேண்டும். மழை தூறும்போதோ பனி இறங்கும்போதோ சாம்பிள் எடுக்காதீர்கள், காற்றின் ஈரத்தை நீங்களே பாட்டிலுக்குள் விட்ட மாதிரி ஆகும்.

கேள்வி: தொண்டி பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறேன். புது டிரான்ஸ்பார்மருக்கு எல்.டி. (குறைந்த வோல்ட்டேஜ் பக்கம்)–எர்த் மெக்கர் போட்டால் சுத்தமாக ஜீரோ. கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: லாரிக்குச் சொல்வதற்கு முன்னால் நியூட்ரல் புஷிங்கைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு பட்டை எர்த்துக்குப் போகிறதா? அதைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். எர்த்தோடு கட்டிவைத்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் ஜீரோதான் காட்டும், காட்டாவிட்டால்தான் கவலை. எல்.டி. கேபிளையும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஏரியேட்டர் மோட்டார் வரைக்கும் சேர்த்து அளப்பீர்கள். எல்.டி. பக்கத்துக்கு 500 வோல்ட் மெக்கர் போதும். டெஸ்ட் முடிந்ததும் அந்தப் பட்டையை மறக்காமல் திரும்பப் போடுங்கள், நியூட்ரல் எர்த் இல்லாமல் சார்ஜ் பண்ணிய கதைகள் எனக்குத் தெரியும், அவை சிரிக்கிற கதைகள் இல்லை.

கேள்வி: சாயல்குடி தாண்டி கடலோரத்தில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். 700 மீட்டர் நீளத்தில் 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பாலிதீன் இன்சுலேஷன்) கேபிள், மண்ணுக்குள் போட்டு 14 வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ஜாயின்ட் போய்விட்டது, புதிதாகப் போட்டோம். கான்ட்ராக்டர் டி.சி. ஹை-பாட் (டி.சி.யில் அதிக வோல்ட்டேஜ் கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) போட்டுத்தான் சார்ஜ் பண்ண வேண்டும் என்கிறார். இன்னொருவர் டி.சி. போடவே கூடாது, வி.எல்.எஃப். (மிக மெதுவாகத் திசை மாறும் ஏ.சி. கொடுக்கிற மெஷின்) கொண்டுவாருங்கள் என்கிறார், அதற்கு வாடகை கூடுதல். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதை. வாடகையைப் பார்க்காதீர்கள்.

நான் இதைப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருக்கும், உங்கள் கேபிளைப் போலவே கடலோரத்து ஈரமண்ணில் கிடந்த பழைய எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் ஒன்றுக்கு டி.சி. போட்டேன். லீக்கேஜ் கரண்ட் ஆடாமல் அசையாமல் நின்றது, பிரமாதம் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்குக் கேபிள் வெடித்தது. ஜாயின்டில் வெடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும், வெடித்தது நல்ல கேபிளின் நடுவில். வெட்டிப் பார்த்தபோது வெள்ளை இன்சுலேஷனில் விரல் நுழைகிற ஓட்டை, சுற்றிலும் கரி.

ஏன் அப்படி? ஈரமண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கிற எக்ஸ்.எல்.பி.இ.யில் ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து இன்சுலேஷனுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை உண்டாக்கும், அவை செடி மாதிரி கிளைவிட்டு வளரும். வாட்டர் ட்ரீ என்று சொல்வார்கள், நாம் நீர்க்கிளை என்று வைத்துக்கொள்வோம். நீர்க்கிளை இருந்தாலும் கேபிள் பல வருஷம் ஓடும். அதற்கு டி.சி. போட்டால் மின்னூட்டம் உள்ளே போய் அந்தக் கிளைகளைச் சுற்றி மாட்டிக்கொள்ளும், எர்த் பண்ணினாலும் சீக்கிரம் வெளியே வராது. மறுபடி ஏ.சி. சப்ளை கொடுக்கும்போது மாட்டிக்கொண்ட ஊட்டமும் சப்ளையும் ஒரே இடத்தில் சேர்ந்து அழுத்த, அங்கே இன்சுலேஷன் பொசுங்க ஆரம்பிக்கும். டெஸ்டில் பாஸான கேபிள் சில நாளிலோ சில வாரத்திலோ போவது இப்படித்தான். பழைய காகித இன்சுலேஷன் கேபிளுக்கு டி.சி. பொருத்தமாகத்தான் இருந்தது, அந்தப் பழக்கத்தில் எக்ஸ்.எல்.பி.இ.க்கும் போட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் கான்ட்ராக்டர் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் பழையதைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் சாதாரண 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யிலேயே டெஸ்ட் பண்ணலாமே என்றால் மெஷின் தாங்காது. கேபிள் என்பது ஒரு நீளமான கெப்பாசிட்டர். 11 கே.வி.யில் கொஞ்சம் பருத்த கேபிள் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 மைக்ரோ ஃபாரட் வரும். அதற்கு 19 கே.வி. கொடுத்தால் ஒரு ஃபேஸுக்கே 45 கே.வி.ஏ. இழுக்கும், லாரியில் ஒரு டெஸ்ட் டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் கொண்டுவர வேண்டும். வி.எல்.எஃப். மெஷின் 0.1 ஹெர்ட்ஸில், அதாவது பத்து விநாடிக்கு ஒரு சுற்று என்று நிதானமாக ஆட்டுகிறது. ஐந்நூறில் ஒரு பங்குதான் கரண்ட், 45 கே.வி.ஏ. வேண்டிய இடத்தில் 90 வி.ஏ. போதும். மெஷின் கார் டிக்கியில் வந்துவிடும். திசை மாறி மாறி வருவதால் டி.சி. மாதிரி ஊட்டம் உள்ளே தங்குவதும் இல்லை.

புதுக் கேபிளுக்கு ஃபேஸ்–எர்த் வோல்ட்டேஜைப் போல மூன்று மடங்கு, அதாவது 6.35-க்கு 19 கே.வி., 15 நிமிஷம் போடுவார்கள். உங்களுடையது 14 வருஷக் கேபிள். நானாக இருந்தால் எடுத்த எடுப்பில் அவ்வளவு ஏற்ற மாட்டேன். முதலில் அதே மெஷினில் டான் டெல்டா (இன்சுலேஷனில் எவ்வளவு சக்தி வீணாகிறது என்ற அளவு) பார்க்கச் சொல்வேன், அதைப் பாதி வோல்ட்டேஜில், முழு வோல்ட்டேஜில், ஒன்றரை மடங்கில் எடுப்பார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. வோல்ட்டேஜை ஏற்ற ஏற்ற அளவும் கூடவே ஏறினால் நீர்க்கிளை நிறைய இருக்கிறது என்று அர்த்தம், அப்போது டெஸ்ட் வோல்ட்டேஜை விட்டுவிட்டுப் புதுக் கேபிளுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலாளியிடம் பேச ஆரம்பிப்பது நல்லது. வி.எல்.எஃப். போடும்போது அரெஸ்டர், பி.டி. (வோல்ட்டேஜ் அளப்பதற்கான சின்ன டிரான்ஸ்பார்மர்) எல்லாவற்றையும் கழற்றியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஜாயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மத்தியானத்தில் திறந்த பள்ளத்தில் உட்கார்ந்து ஜாயின்ட் போட்டால் அது எத்தனை நாள் நிற்கும்? நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள். கறுப்பு செமிகான் (இன்சுலேஷன் மேல் இருக்கிற அரைக்கடத்தி உறை) உரித்த பிறகு வெள்ளை இன்சுலேஷனைத் துடைக்கும்போது கண்டக்டர் பக்கத்திலிருந்து கறுப்பை நோக்கி ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். அதே துணியைத் திருப்பிக் கொண்டுவந்தால் கறுப்பு வெள்ளை மேல் ஈஷிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரிக்கோட்டில்தான் பிறகு பொறி ஓடும். வேலை பாதியில் நின்றால் வெட்டிய நுனியை மூடி போட்டு அடைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், உப்புக்காற்று ஒரே ராத்திரியில் கம்பிப் புரிகளுக்குள் ஏறிவிடும்.

கேள்வி: காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கேபிளுக்கு 5,000 வோல்ட் மெக்கர் போட்டு முடித்து, லீடைக் கழற்றிவிட்டு நுனியைத் தொட்டதும் தூக்கி அடித்துவிட்டது. இரண்டு பக்கமும் சப்ளையே இல்லை. எப்படி?

பதில்: தம்பி, முதலில் டாக்டரிடம் காட்டினீர்களா? ஷாக் அடித்த அன்று நன்றாகத்தான் இருப்போம், ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சப்ளை நீங்கள் கொடுத்ததுதான். கேபிள் கெப்பாசிட்டர் என்று மேலே சொன்னேன் அல்லவா, பத்து நிமிஷம் மெக்கர் ஊட்டியதை அது வைத்துக்கொண்டிருந்தது. மோசமானது என்னவென்றால், ஒரு தடவை எர்த் ராடைத் தொட்டு எடுத்தாலும் முழுக்கப் போகாது, இன்சுலேஷனுக்குள் ஊறியிருந்தது மெல்ல மேலே வந்து நுனியில் மறுபடி வோல்ட்டேஜ் ஏறும். அதனால் டெஸ்ட் பண்ணிய நேரத்தைப் போல நாலைந்து மடங்கு நேரம் எர்த்திலேயே கட்டிவைக்க வேண்டும். பத்து நிமிஷம் போட்டால் முக்கால் மணி நேரம் டீக்கடைக்குப் போய் வாருங்கள், எர்த் கிளாம்ப் கேபிளிலேயே இருக்கட்டும். கூடவே, டெஸ்ட் நடக்கும்போது கேபிளின் மறுமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள், யாராவது அங்கே கை வைத்தாலும் இதே கதைதான்.

கேள்வி: ராமநாதபுரத்தில் பாலிடெக்னிக் படிக்கிறேன். ஒரு கே.வி.க்கு ஒரு மெகா ஓம், கூட ஒன்று என்று கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் 11 கே.வி. கேபிளுக்கு 12 மெகா ஓம் இருந்தால் போதுமா? பி.ஐ. 2-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பதில்: பரீட்சையில் அப்படியே எழுதுங்கள். வேலைக்கு வந்தபின் 12 மெகா ஓம் காட்டுகிற எக்ஸ்.எல்.பி.இ. கேபிளைச் சார்ஜ் பண்ணாதீர்கள். அந்தக் கணக்கு பழைய மோட்டார், ஜெனரேட்டர்களுக்கு வந்தது. நல்ல எக்ஸ்.எல்.பி.இ. கேபிள் ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்டும், அது 12-க்கு இறங்கிவிட்டால் சீக்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். நீளத்தையும் பார்க்க வேண்டும், ஒரே கேபிள்தான் என்றாலும் நூறு மீட்டரில் காட்டுகிற அளவில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோமீட்டரில் காட்டும்.

பி.ஐ. என்பது பத்தாவது நிமிஷ அளவை முதல் நிமிஷ அளவால் வகுப்பது. இரண்டுக்கு மேல் வேண்டும் என்பதும் சுழலும் மெஷின்களுக்குச் சொன்னதுதான். எண்ணெய் ஊற்றிய நல்ல டிரான்ஸ்பார்மர் 1.3 காட்டிவிட்டு முப்பது வருஷம் ஓடும். முதல் நிமிஷத்திலேயே 5,000 மெகா ஓம் தாண்டிவிட்டால் பி.ஐ. கணக்குக்கு அவ்வளவாக அர்த்தமும் இல்லை. ஒரே ஓர் அளவை வைத்து நல்லது கெட்டது சொல்கிறவரை நம்பாதீர்கள். போன வருஷம் எவ்வளவு, மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருக்கிறதா, அன்று ஆயில் சூடு எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் அடித்தது, இத்தனையும் ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும். காற்றைப் பற்றி எழுதினால் வெளியூர் இன்ஜினியர்கள் சிரிப்பார்கள், ராமேஸ்வரத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தால் அவர்களும் எழுதுவார்கள்.

கேள்வி: பாம்பனில் எங்கள் வீட்டுக்கு எதிரே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நல்ல மழையில் ஒன்றும் ஆவதில்லை. வருஷத்தின் முதல் தூறலுக்கு மட்டும் உஸ்ஸென்று சத்தம், நீலமாகப் பொறி. பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

பதில்: அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. நம் பக்கம் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் காற்று உப்பைப் பூசிக்கொண்டே இருக்கிறது, கழுவிவிட மழை இல்லை. முதல் தூறல் அந்த உப்பை நனைக்கும், கழுவாது. நனைந்த உப்பின் மேல் கரண்ட் ஓடி, ஓடுகிற இடம் காய்ந்து, காய்ந்த இடைவெளியைப் பொறி தாண்டுகிறது, நீங்கள் பார்க்கிற நீலம் அதுதான். கனமழை பெய்தால் உப்பு மொத்தமும் வழிந்து போய்விடும், சத்தமும் நின்றுவிடும். உப்பு அதிகமான இடங்களுக்கு என்றே ஒழுக்குப்பாதை நீளமான இன்சுலேட்டர்கள் உண்டு, ஒரு கே.வி.க்கு 31 மில்லிமீட்டர் என்று கணக்கு. சிலிகான் ரப்பர் வகையில் தண்ணீர் படலமாக ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டுவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, பிள்ளைகளைக் கிட்டே விடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் பண்ணி "இன்சுலேட்டரில் பொறி" என்று சொல்வது. யாராவது கீழே நின்று வாளித் தண்ணீரை வீசிக் கழுவப் போனால் கையைப் பிடித்து இழுத்துவாருங்கள்.

கேள்வி: டிரான்ஸ்பார்மர் மூச்சு விடுகிற பிரீத்தரில் ஈரத்தை உறிஞ்சுகிற சிலிகா ஜெல்லை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறது. எங்கள் தேவிபட்டினத்தில் ஆறே வாரத்தில் நீலம் ரோஸாகிவிடுகிறது. வறுத்துத் திரும்பப் போடலாமா?

பதில்: போடலாம். முதலில் பிரீத்தர் அடியில் இருக்கிற கிண்ணத்தில் ஆயில் இருக்கிறதா பாருங்கள். அது காலியாக இருந்தால் கடல் காற்று நேராக ஜெல்லுக்குள் போகும், ஆறு வாரமே அதிகம். கேஸ்கட்டும் வெடித்திருக்கலாம். மேலிருந்து கீழாக ரோஸாகி வந்தால் ஈரம் மேலே எங்கோ லீக் வழியாக ஏறுகிறது, கீழிருந்து மேலாக என்றால் வழக்கமானதுதான். வறுக்கும்போது நிதானமான சூட்டில் நீலம் திரும்புகிறவரை கிளறினால் போதும், கருக விடாதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம். வறுத்த வாணலியில் அப்புறம் யாரும் மீன் வறுக்கக் கூடாது, வீட்டில் சொல்லிவிடுங்கள்.